கேவலாதேவ் கல்பலகை: ஒரு வாசிப்பு

பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவைப் பற்றி யார் எழுதினாலும், உள்ளே கோயில் பக்கத்தில் இருக்கும் கல்பலகையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1902ல் கர்சன் பிரபு வந்தது தொடங்கி 1964 வரை அங்கு நடந்த வாத்து வேட்டைகளின் பட்டியல் அது. தேதி, விருந்தாளி, சுட்ட பறவைகள், துப்பாக்கிகள். அவ்வளவுதான். 1938 நவம்பர் 12, வைஸ்ராய் லின்லித்கோ: 4,273 பறவைகள்.

படிக்கிறவங்க எல்லாரும் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு பக்கம் "என்ன கொடுமை", இன்னொரு பக்கம் "அந்தக் காலத்துல எவ்வளவு பறவை பாருங்க!" முதலாவது சரி. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த எண் துப்பாக்கிகளின் கணக்கு, பறவைகளின் கணக்கு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் எத்தனை வந்தன என்பது அதில் கிடையாது. எந்த இனம் என்பதும் கிடையாது; கிளுவையும் ஊசிவால் வாத்தும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விட்டன. டேட்டாபேஸோடு மல்லுக்கட்டினவங்களுக்குத் தெரியும்: ஒரு அட்டவணையில் எந்தக் காலம் விட்டுப்போச்சு என்று பார்த்தால், அதை எழுதினவர் எதை முக்கியமாக நினைக்கவில்லை என்பது புரியும்.

இங்கே விட்டுப்போனது தண்ணீர். அது தாழ்வான நிலம். அஜான் அணையில் மழைக்காலத்தில் தேங்கும் நீரை மதகு வழியாகத் திருப்பிவிட்டு, கரை கட்டி நிறுத்தி உண்டாக்கிய சதுப்பு. ஆவணியில் நீர் வந்தால்தான் மார்கழியில் வாத்து.

இன்னொன்று, எருமை. 1982ல் பூங்காவுக்குள் மேய்ச்சலைத் தடை செய்தார்கள்; அதை எதிர்த்த கிராமத்து மக்கள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னது வேறு: எருமை மேயாததால் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு சுருங்கி, நீர்ப்பறவைகளுக்குத்தான் நஷ்டம். பறவையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

வேட்டை நின்றுவிட்டது. ஆனா நம்ம பயணக் குறிப்புகள் இன்னும் அந்தக் கல்பலகையின் இலக்கணத்தில்தான் இருக்கின்றன: தேதி, போனவர், பார்த்த இனங்களின் எண்ணிக்கை. அந்த வருஷம் மதகு திறந்தார்களா, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, புல் எவ்வளவு தூரம் ஏறியிருந்தது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். இருபது வருஷம் கழித்துப் படிக்கிறவருக்கு நம் பட்டியலைவிட அந்த இரண்டு வரிதான் உதவும்.