மேடையும் மூட்டையும்

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 இல் வெளிவந்தபோது, குத்துச்சண்டை வீரர்களை மனிதர்களாகக் காட்டிய படமென்று பலரும் போற்றினர். நாமும் போற்றுகிறோம். எழுபதுகளின் வடசென்னை, துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், அவனை வீரனாக ஏற்கும் ரங்கன் வாத்தியார், தந்தையைப் போல் மகனும் அடியாளாகிவிடுவானோ என அஞ்சும் தாய் பாக்கியம். திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்த ஈச்சிலம்பற்று மக்களாகிய நமக்கு இவர்கள் அந்நியரல்லர்.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. மேடையில் கிட்டும் மதிப்பு மறுநாள் சோறாகுமா? இங்கிலாந்துச் சீமான்கள் பந்தயங்கட்டிப் பார்த்திருக்க, 1810 இல் டாம் கிரிப்புடன் வெறுங்கையால் பொருதிய கறுப்பு வீரர் டாம் மொலினோ, 1818 இல் அயர்லாந்தில் வறுமையில் மாண்டார். பின்னர் கையுறை வந்தது; வீரனின் வறுமை போகவில்லை.

படம் இதனை அறியாததன்று. கபிலன் சாராயத்தில் வீழ்வதை அது ஒளிவின்றிக் காட்டுகிறது. ஆனால் அவனது மீட்சியை இன்னொரு மேடை வெற்றியிலேயே தேடுகிறது. மூட்டையும் கூலியும் பின்னொதுங்கிவிடுகின்றன. இதுவே நாம் காணும் குறை. பரம்பரையின் மானத்தை இவ்வளவு உயிர்ப்புடன் சித்திரித்த கலைஞரிடம், உழைப்பின் மானத்தையும் இறுதிவரை பேசுமாறு கேட்பது மிகையாகாது.