கடைசி ஸ்டாப்பில் ஒரு தியேட்டர்

ஜெர்மனியின் ரூர் நிலக்கரி வட்டாரத்தில், போஹும் (Bochum) நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது லாங்கன்ட்ரேயர். 1860இல் இங்கே தண்டவாளம் வந்தது. ரயில் வேண்டும் என்று கேட்டவர் பயணி அல்ல, நிலக்கரி. அந்தக் காலத்தில் கரியை வாரி வெளியூர் அனுப்ப ரயிலை விட்டால் ஆறுதான் வழி.

1958இல் கரிக்குச் சந்தை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. போஹுமின் கடைசிச் சுரங்கம் 1973இல் முடிந்தது. பிறகு லாங்கன்ட்ரேயரின் ரயில் நிலையக் கட்டடமும் வேலையற்றுப் போனது. இடித்துத் தள்ளியிருக்கலாம், நம்மூரில் பலதுக்கு அந்தக் கதிதான். இங்கே 1986இல் அது பண்பாட்டு மையமாகிவிட்டது. கச்சேரி, நாடகம், அரசியல் விவாதம் எல்லாம் உண்டு. பெயர் மட்டும் மாறவில்லை: ‘பான்ஹோஃப் லாங்கன்ட்ரேயர்’, அதாவது லாங்கன்ட்ரேயர் ரயில் நிலையம். ‘ஸ்டேஷனுக்குப் போகிறேன்’ என்று ஒருவர் கிளம்பினால் கையில் பெட்டி இருக்காது.

எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் சின்ன சினிமா தியேட்டர். அதன் பெயர் ‘எண்ட்ஸ்டட்சியோன்’. நம் கண்டக்டர் பாஷையில் சொன்னால், “கடைசி ஸ்டாப், எல்லாம் இறங்குங்க!” இங்கே மட்டும் அதைக் கேட்டு ஜனம் உள்ளே ஏறுகிறது.