நட்டும் போல்டும் பூட்டிய தவில்: தோளுக்கும் ஒலிக்கும்

யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இன்று கேட்கும் தவில்களில் பெரும்பாலானவை நட்டும் போல்டும் பூட்டியவை. பலாக்கட்டையும் தோலும் பழையபடியே இருக்க, தோலை இழுத்துப் பிடித்த வார்களின் இடத்தை இரும்பு வளையங்களும் முறுக்காணிகளும் எடுத்துக்கொண்டன. இந்தப் புதிய தவிலைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது சுருதி ஏறியதைத்தான். என் கணிப்பில் அதன் பெரிய பயன் வேறு. வாசிப்பவரின் உடலுக்கும் அன்றைய காற்றுக்கும் மேடைக்கும் ஏற்றபடி தவிலைச் சில நிமிடங்களில் அமைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. அந்த வசதியை விட்டுவிட்டு முறுக்கும் வலுவை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது தோள்வலியும் மெலிந்த ஒலியும்தான்.

தவிலில் வலந்தலை அகலமானது, தொப்பி சிறியது. இரண்டும் ஒரே இழுவிசையில் இருந்தால் அகன்ற முகம்தான் தாழ்ந்து ஒலிக்க வேண்டும். ஆனால் வலந்தலை கணீரென்று மேலே நிற்கிறது, ஏனென்றால் அந்தத் தோல் அவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது. தொப்பியோ தளர்ந்திருந்தால்தான் கம்படிக்குக் குழைந்து கும்மென்று பேசும். இழுத்துக் கட்டிய தோலின் சுருதி, இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறுவது. ஒரு அரைச்சுரம் ஏற்றச் சுமார் 12 சதவீதம் கூடுதல் இழுவிசை போதும். ஆறு அரைச்சுரம் ஏற்ற வேண்டுமானால் இழுவிசை இரட்டிக்க வேண்டும். மேலே போகப் போக, கிடைக்கும் சுருதியைவிடத் தோலும் கட்டையின் விளிம்பும் சுமக்கும் பாரம் வேகமாகக் கூடுகிறது. இதில் காலநிலையும் சேர்கிறது. நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆவணிச் சோளகக் காற்றில் வறண்டு விறைத்து நிற்கும் வலந்தலை, மார்கழித் திருவெம்பாவை விடியலில் ஈரம் குடித்து இறங்கிவிடும். வார்த் தவிலில் இதைச் சரிசெய்வது பலமும் பொறுமையும் கேட்கும் வேலை. போல்ட் தவிலில் ஒரு ஸ்பேனர் போதும். இந்த ஒன்றுக்காகவே இந்த அமைப்பை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் ஸ்பேனர் கையில் இருப்பது வேறு, அதை எங்கே நிறுத்துவது என்று தெரிவது வேறு. ஒவ்வொரு போல்டுக்கும் நேரே, விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே ஒரு விரலால் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். எங்கும் ஒரே சுரம் வந்தால் தோல் சமமாக நிற்கிறது. ஒரு பக்கம் ஏறியும் எதிர்ப்பக்கம் இறங்கியும் இருந்தால், அடிக்கும்போது நெருங்கிய இரண்டு சுருதிகள் ஒன்றோடொன்று மோதி ஒலி நடுங்கும். அந்த நடுக்கத்தைப் போக்க எல்லாப் போல்டையும் இன்னும் இறுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இறங்கிய இடத்தில் கால் சுற்று, பிறகு நேரெதிர்ப் போல்டில் கேட்டுப் பார்ப்பது என்று குறுக்கும் மறுக்குமாகப் போனால், மொத்த இறுக்கத்தை அதிகம் கூட்டாமலே ஒலி தெளியும். வாசிப்பு முடிந்ததும் அதே கணக்கில் தளர்த்திவைப்பதும் வேலையின் பாதி. வார் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. இரவு முழுதும் முறுக்கிலேயே விட்ட தோல் மறுநாள் வெயிலில் இன்னும் சுருங்கி வெடிக்கக்கூடும்.

உடலின் கணக்கு இதைவிட அலட்சியப்படுத்தப்படுகிறது. மேற்கத்தைய டிரம் செட் வாசிப்பவர் முதலில் சரிசெய்வது ஸ்டூலின் உயரத்தை. தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரியும்படி இருந்துகொண்டு, கால் விழும் இடத்தில் பெடலையும் கை விழும் இடத்தில் மற்றவற்றையும் வைக்கிறார். உடல் முதலில், கருவி பிறகு. தவிலில் அசைக்கக்கூடியவை குறைவு என்பதால் அந்தக் குறைவானவற்றில் கவனம் இன்னும் கூட வேண்டும். நின்று வாசிக்கையில் முழுப் பாரமும் ஒரு தோளில் தொங்குகிறது. இரண்டு அங்குலப் பட்டியை நான்கு அங்குலமாக்கினால் தோளின் ஒவ்வொரு அங்குலமும் தாங்கும் அழுத்தம் பாதியாகும். பட்டி நீண்டு தவில் உடலை விட்டு முன்னே தள்ளிப்போனால், எடை மாறாவிட்டாலும் இடுப்பு அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகவே தவில் வயிற்றோடு ஒட்டி, வலந்தலையின் நடு வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி பட்டியைக் குறுக்க வேண்டும். சம்மணமிட்டு இருந்து வாசிக்கையிலும் அளவு இதுதான்: முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வர வேண்டும். தவில் தாழ்ந்து கிடந்தால் அதன் அடியில் மடித்த துணி ஒன்றை வைத்து உயர்த்தலாம். மணிக்கட்டு மடங்கிய நிலையில், கூடு மாட்டிய விரல்கள் தோலில் பட்ட உடனே துள்ளி எழாமல் தோலிலேயே ஒரு கணம் தங்கிவிடுகின்றன. அந்தக் கணத்தில் தோலின் அதிர்வு அடங்கிப்போகும். அதை ஈடுசெய்ய வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார், பிறகு இன்னும் முறுக்குவார். ஒலிக் குறை என்று ஸ்பேனரைத் தேடுகிற பல இடங்களில் குறை பட்டியில்தான் இருக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது வார்த் தவிலின் நாதம் பற்றியது. இரும்பு சேர்ந்தபின் பலாவின் குரல் போய்விட்டது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இரும்பு விறைப்பானது, நன்கு பூட்டாத நட்டு தானே சிலம்பும். முகங்கள் இரண்டையும் ஒரே கம்பியால் இணைத்த அமைப்பில் வலந்தலையை ஏற்றினால் தொப்பியும் கூடவே இறுகிக் குழைவை இழக்கும். ஆனால் வாரும் இரண்டு முகத்தையும் சேர்த்தே இழுத்தது என்பதை மறக்கக் கூடாது. இரு முகத்தையும் தனித்தனியே முறுக்கும் வசதியுள்ள தவிலில், வலந்தலையைத் தேவையான அளவுக்கு ஏற்றிவிட்டுத் தொப்பியைத் தளர்வாகவே விடலாம். பழைய நாதம் பிடித்தவர்கள் வேண்டியதே அதுதான். அப்படியிருந்தும் தொப்பி வறட்டென்று கேட்டால் குற்றவாளி இரும்பல்ல, அதை முறுக்கிய கை.

இரண்டாவது மறுப்பு, வெளிவீதியில் நாதஸ்வரத்துக்கு ஈடுகொடுக்கச் சுருதி ஏறித்தான் ஆக வேண்டும் என்பது. மனிதச் செவி 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கூர்மையாகப் பிடிக்கும் என்பதால், இறுகிய வலந்தலை தூரத்துக்குக் கேட்பது உண்மைதான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இது முழு நியாயம். இன்று சுவாமி வீதிவலம் வரும்போதுகூட மைக் பிடிக்கிறார்கள். மேடையில் வலந்தலைக்கு மைக்கை ஓரடி தள்ளி, நடுவுக்கு நேரே அல்லாமல் விளிம்பை நோக்கிச் சாய்த்து வைத்தால் கூட்டின் கூரிய சத்தம் தணியும். தொப்பிக்கு அரை அடிக்குள் நெருக்கலாம். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும் வகை மைக், நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதியைக் கூட்டிக் கொடுக்கும். தொப்பிக்குத் தேவையானதும் அதுதான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரே மைக்கைத் தொங்கவிட்டால் தொப்பி காணாமற் போகும். செவியின் நலமும் இங்கே கணக்கில் வர வேண்டும். 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது என்பது தொழிற்சுகாதாரத்தில் ஏற்கப்பட்ட ஒரு வரையறை. தவிலுக்கு மிக அருகில் இருக்கும் காது அதை வாசிப்பவரின் காதுதான், 25 நாள் திருவிழாவில் அவர் ஒரு நாளோடு எழுந்து போவதுமில்லை.

முன்னோர் இந்த வசதிகளா கேட்டார்கள் என்ற கேள்வியும் வரும். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லாமல் இந்தக் குடாநாட்டில் தவிலைப் பற்றிப் பேச முடியாது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதும் பெற்றது. அந்தத் தலைமுறையின் லயம் போல்டினால் வந்ததல்ல என்பதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் மேதையின் கை எந்தக் கருவியையும் வெல்லும் என்பதால், இணுவிலிலும் அளவெட்டியிலும் இப்போது கம்பு பிடித்துப் பழகும் பிள்ளை வலியோடு பழக வேண்டும் என்று ஆகிவிடாது. பெரியவருக்கு அளவான பட்டியைப் பிள்ளையின் தோளில் போட்டு, தவில் முழங்காலில் இடிக்க வாசிக்கவிட்டால், அந்தப் பிள்ளை முதலில் கற்பது தோளைத் தூக்கிக்கொண்டு அடிப்பதை. அதைப் பின்னால் மாற்றுவது சொற்கட்டுப் பாடத்தைவிடக் கடினம்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை சில. இரு முகமும் தனித்தனியே முறுக்கப்படுகிறதா? போல்டின் நுனி வெளியே நீட்டித் தொடையில் குத்துகிறதா? கட்டை விளிம்பு வளையத்தோடு எங்கும் சமமாகப் படுகிறதா? கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த ஊரில் சாதாரண இரும்பு நட்டு உப்புக்காற்றில் பிடித்துக்கொள்ளும். ஒரு நட்டு பிடித்துவிட்டால் அந்த இடத்தின் சுருதி நம் கையில் இல்லை. துருப்பிடிக்காத உருக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது இங்கே தகும், மரையில் கொஞ்சம் கிறீஸும் வேண்டும். கம்புக்கு மட்டும் செலவில்லை. அதற்கான பூவரசு நம் வேலிகளிலேயே நிற்கிறது. அவரவர் உள்ளங்கைப் பருமனுக்குச் சீவிக்கொள்ளலாம். செய்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. வளையத்தின் கனத்தைக் குறைத்து, பிள்ளைகளுக்கென்று சிறிய அளவிலும் இதே பூட்டோடு ஒரு தவிலைச் செய்து தர வேண்டும்.