நீருக்குள் போன ஊர்கள்

வாலன்டின் ரஸ்புதின் 1976இல் வெளியிட்ட 'மத்யோராவிடம் விடைபெறல்' புதினத்தில், அணைநீரில் அமிழவிருக்கும் தீவின் முதியவள் தாரியா தன் குடிலுக்கு வெள்ளையடிக்கிறாள்; அதற்குத் தீவைக்கப்போகிறார்கள் என்பதை அறிந்தே அவ்வாறு செய்கிறாள். இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கத்திற்கு ஆயத்தம் செய்யும் கைகளையே நாம் அங்கே காண்கிறோம்.

அதே அங்காரா ஆற்றில் பின்னர் எழுந்த போகுச்சானி அணையைக் களமாக்கி, ரோமன் செஞ்சின் 2015இல் 'நீரில் மூழ்கும் பகுதி' என்னும் புதினத்தைப் படைத்து, அதனை ரஸ்புதினுக்கே காணிக்கையாக்கினார். இங்கு ஊரை அழிப்பவை ஆவணங்களும் இழப்பீட்டுக் கணக்குகளும். கதைமாந்தருள் பலர் நம் நெஞ்சில் தனித்து நிற்பதில்லை, அது குறையே. எனினும், விடைபெறவும் அவகாசமின்றி மறையும் ஊர்களின் உண்மைக்கு அந்த வறண்ட நடையே அண்மையில் நிற்கிறது.

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உருசியாவில் 19,000க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஒருவரும் வாழவில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றை விழுங்கியது அணையன்று, வெறுமையே.

கல்லறைகளை என்செய்வது என்று இரு புதினங்களும் வினவுகின்றன. தாரியாவுக்கு முன்னோர் மறைந்தவர் அல்லர். அவளிடம் கணக்குக் கேட்பவர். புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கும் நாம், அவளது கலக்கத்தை மூடநம்பிக்கை எனத் தள்ளலாகாது. நிலம் வெறும் சொத்தன்று. நாம் செபத்தில் சொல்லும் பெயர்கள் உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் இடம்.