பாடல் பெற்ற தலத்தில் ஒரு பல்கலைக்கழகம்

எங்கள் செவ்வாப்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போகிற லோக்கல் ரயிலில், பட்டாபிராம் தாண்டியதும் ‘இந்து காலேஜ்’ என்றே ஒரு ஸ்டேஷன் வரும். காலேஜ் பேரில் ஸ்டேஷன் எங்கள் லைனில்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தேன். சிதம்பரத்தில் இறங்கி அண்ணாமலை நகருக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இங்கே ஊரே காலேஜ் ஐயா!

அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் மீனாட்சி கல்லூரியாக ஆரம்பித்தது, 1929-ல் பல்கலைக்கழகம் ஆனது. வாத்தியாரும் பிள்ளைகளும் அங்கேயே தங்கிப் படிக்கிற ஏற்பாடு. அப்புறம் என்ன, விடுதி, குடியிருப்பு, மருத்துவமனை, கடைத்தெரு என்று வளர்ந்து தனிப் பேரூராட்சியே ஆகிவிட்டது. மரநிழலில் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. எனக்கு இன்னொரு முறை பி.ஏ. சேரலாமா என்று தோன்றிவிட்டது.

ஆனால் நான் சொக்கிப்போனது திருவேட்களத்தில். வளாகத்தை ஒட்டியே இருக்கிற பாடல் பெற்ற தலம். தில்லைக்கு வந்த சம்பந்தர், கூத்தன் ஆடுகிற ஊரில் இரவு தங்க அஞ்சி இங்கேதான் வந்து தங்கினாராம். ‘அப்படியென்றால் முதல் ஹாஸ்டலர் அவர்தான்’ என்றேன். கூட வந்த நண்பர் முறைத்தார். அம்மன் சன்னிதியில் ஒரு பெண் ஹால் டிக்கெட்டைக் குருக்களிடம் நீட்டினாள். அவரும் வாங்கி, பாதத்தில் வைத்து, மேலே ஒரு துளி குங்குமம் தடவிக் கொடுத்தார். பேரைக்கூடக் கேட்கவில்லை, அவருக்கு இது தினசரி வேலை போலிருக்கிறது.

இதே வேட்களத்தின் சேரிப் பிள்ளைகளுக்குத்தான் விபுலானந்தர் பாடம் சொல்லிக் கொடுத்தார். மட்டக்களப்பிலிருந்து 1931-ல் இங்கே தமிழ்ப் பேராசிரியராக வந்தவர், பின்னாளில் ‘யாழ் நூல்’ தந்தவர். நினைத்தாலே சிலிர்க்கிறது! பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடங்களைவிட எனக்கு அதுதான் பெரிது.

உ.வே.சா. முதல்வராக இருந்தது, தண்டபாணி தேசிகர் இசை சொல்லிக் கொடுத்தது, நெடுஞ்செழியனும் அன்பழகனும் மாணவர்களாகத் திரிந்தது என்று இந்த மண்ணைப் பற்றி அடுக்கிக்கொண்டே போகலாம். ராஜேந்திரன் சிலை முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான மாணவர். பதினெட்டு வயது.

2013-ல் அரசு பொறுப்பேற்ற பிறகு நிர்வாகம் மாறியிருக்கிறது. அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். பசிக்கிற நேரம் பார்த்து ஊருக்குள் போய் இட்லியும் கொத்சும் கேளுங்கள். மசித்த கத்தரிக்காயில் புளியும், வறுத்துப் பொடித்த மல்லியும் மிளகாயும் சேர்ந்து நல்லெண்ணெய் மேலே மிதக்கும். பக்கத்தில் சாம்பார் வாளியோடு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.