திரைக்குப் பின்னால் எழும் குரல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கிளம்புகிறவர்களில் சிலர், சித்திரை வைகாசி மாதங்களில் நேரே வீட்டுக்குப் போவதில்லை. போகும் வழியில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருக்கும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கூட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

திடலில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்து நிற்கிறார்கள். முகவீணை ஒரு சுரத்தை நீட்டுகிறது. அதைப் பற்றிக்கொண்டு துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் விருத்தம் எடுக்கிறது. தாளம் இல்லை, மத்தளம் காத்திருக்கிறது. குரல் மேல் ஸ்தாயியைத் தொட்டு அங்கேயே நின்று, சொல்லை உடைக்காமல் இறங்குகிறது. வந்திருப்பது பாஞ்சாலி என்று கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. முகம்தான் இன்னும் தெரியவில்லை. திரை விலகினால் சேலை, சவரி, நெற்றிச்சுட்டி. பாடியவர் ஓர் ஆண்.

ஆண் தொண்டையிலிருந்து பெண் பாத்திரத்தின் பாட்டு பிறப்பது தொண்டை மண்டலத்துக்கு மட்டும் உரிய கலை அல்ல. போப்பாண்டவரின் ஆணையால் ரோம் நகர மேடைகளில் பெண்கள் பாட முடியாத காலம் ஒன்று இருந்தது. 1730-இல் லியோனார்டோ வின்சியின் ‘அர்த்தசேர்சே’ ஓபரா அங்கே அரங்கேறியபோது, கதாநாயகிகள் உட்பட எல்லா வேடங்களையும் ஆண்களே பாடினார்கள். மேல் ஸ்தாயிப் பகுதிகள் சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்ட பாடகர்களுக்கு உரியவை. ஃபாரினெல்லியும் செனெசினோவும் அவ்வகையில் புகழ்பெற்றவர்கள். அந்தக் கொடுமை ஒழிந்த பிறகு அப்பாடல்களைப் பாட ஆளில்லாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் டெல்லர், வளர்ந்த ஆண் தன் இயல்பான உடலோடேயே பயிற்சியால் அந்த உயரத்தில் பாட முடியும் என்று காட்டினார். இப்படிப் பாடுபவரைக் கவுண்டர்டெனர் என்கிறார்கள். 2012-இல் பிரான்சின் நான்சி நகரில் ‘அர்த்தசேர்சே’ மறுபடி மேடையேறியபோது ஐந்து கவுண்டர்டெனர்கள் ஒன்றாகப் பாடினார்கள். பெண் வேடங்களில் நின்றவர்களும் ஆண்களே.

இரண்டு கலைக்கும் பொருத்தம் இவ்வளவுதான். குரலை ஆளும் விதத்தில் பாதை பிரிந்துவிடுகிறது. கவுண்டர்டெனரின் மூலதனம், நம் வித்வான்கள் கள்ளக்குரல் என்று ஒதுக்கும் அந்த மெல்லிய மேல்குரல். அதைப் பல ஆண்டுகள் பழக்கி, உரம் ஏற்றி, முழுக் குரலாகவே ஆக்கிவிடுகிறார்கள். கூத்துக்காரர் அந்தப் பக்கம் போவதில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்த திறந்த குரலையே மேலே ஏற்றுகிறார். கச்சேரி மேடையில் ஆண் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் நிற்பார். கூத்தின் ஆர்மோனியம் அதற்கு வெகு மேலே ஒலிக்கும். அதே சுருதியில்தான் துரியோதனனும் பாட வேண்டும், திரௌபதியும் பாட வேண்டும். ஆகவே உயரமாகப் பாடிவிட்டால் மட்டும் பெண் வேஷம் ஆகிவிடாது. சொல்லை எங்கே குழைப்பது, எங்கே மூச்சை இழுத்து நிறுத்துவது, எந்த வரியின் முடிவை விம்மலில் விடுவது என்பதில்தான் பெண் பாத்திரம் உருவாகிறது.

தெருக்கூத்தில் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று இரண்டு பெரும் பிரிவுகளைச் சொல்வார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் தெற்கத்தி. திருவள்ளூர், காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரமெல்லாம் வடக்கத்தி. வடக்கத்தியில் ஆர்மோனியத்தின் ஆட்சி அதிகம். கம்பெனி நாடக மெட்டுகளும் உள்ளே வந்து கலந்துவிட்டன. அதனால் பாட்டுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. சில களரிகளில் பாட்டே கதையை நகரவிடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டும்.

வடக்கத்தியை வெளியுலகம் அறிந்தது முக்கியமாக இரண்டு இடங்களால். ஒன்று, செய்யாற்றுக்கு அருகிலுள்ள புரிசை. அங்குள்ள தம்பிரான் பரம்பரையில் வந்த கண்ணப்பத் தம்பிரானிடம்தான் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை நாடகக் குழு கூத்தைக் கற்றது. மற்றொன்று, காஞ்சிபுரத்துக்கு அருகில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி பிரைனும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம். 1990-இல் தொடங்கிய அச்சங்கம் பின்னர் ஒரு குருகுலத்தையும் நடத்தி, பெண் பிள்ளைகளையும் களரியில் இறக்கியது. திலகவதி பழனி போன்றவர்கள் ஆண் வேஷமும் கட்டி ஆடியபோது, வேஷத்துக்கும் பாலினத்துக்கும் இருந்த பழைய முடிச்சு எதிர்ப்பக்கத்திலிருந்தும் அவிழ்ந்தது.

இசை நாடகத்திலும் சினிமாவிலும் பெண் ஆண் வேடம் ஏற்பது முன்பே நடந்ததுதான். 1935-இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் கே. பி. சுந்தராம்பாள். ஐரோப்பாவில் இசையமைப்பாளர் ஹேண்டலும் 1720-இல் தன் ‘ரதமிஸ்தோ’ ஓபராவின் நாயகன் வேடத்தை மார்கரிட்டா துரஸ்தாந்தி என்ற பாடகிக்குக் கொடுத்தார். குரல் பொருந்தியதா என்பதையே அன்றைய ரசிகர்கள் பார்த்தார்கள்.

பெண் வேஷக்காரரை அளந்து பார்க்க, திரௌபதி துகிலுரியப்படும் கதையாடும் ‘துகில்’ இரவைவிடச் சரியான இரவு இல்லை. ராஜ வேஷங்களுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் பாதி வேலையைச் செய்துவிடும். கிறிக்கி சுற்றி ஆடினாலே கூட்டம் எழுந்து உட்காரும். திரௌபதிக்கு அந்த ஆடம்பரம் எதுவும் கிடையாது. சபை நடுவே நின்று, நீதி கேட்டு ஒரு தருவைப் பாட வேண்டும். அவர் ஒரு வரியை விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்தச் சில நொடியில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, அதே வரிக்கு வேறு முகம் கொடுத்துத் திரும்ப எடுக்க வேண்டும். முதல் முறை கேள்வி, அடுத்த முறை கெஞ்சல், அதற்கடுத்து சாபம். ஹேண்டல் காலத்து ஓபராவின் தனிப்பாட்டான ஆரியாவிலும் முதல் பகுதி கடைசியில் திரும்பி வரும்; பாடகர் அங்கேதான் தன் கற்பனையை இறக்குவார். அவருடைய கற்பனை சுரத்தில் என்றால், கூத்துக்காரரின் கற்பனை பாவத்தில். துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது பல ஊர்களில் கற்பூரம் ஏற்றுகிறார்கள். எதிரே பாடிக்கொண்டிருப்பவரை அந்த நேரத்தில் யாரும் நடிகராகப் பார்ப்பதில்லை.

‘கர்ண மோட்சம்’ வேறு வகைச் சோதனை. வடமாவட்டங்களில் கருமாதி வீடுகளிலும் நடத்தப்படும் கூத்து இது. போருக்குப் புறப்படும் கர்ணனிடம் அவன் மனைவி பொன்னுருவி பாடும் பாட்டில் ஆவேசத்துக்கு இடமில்லை. இழவு வீட்டுப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பாரியின் நெளிவு பாட்டுக்குள் வர வேண்டும், பாட்டு ஒப்பாரியாகிவிடவும் கூடாது. மேல் ஸ்தாயியில் கத்திப் பழகியவர்கள் இங்கே தோற்றுப்போகிறார்கள்.

மைக் வந்த பிறகு தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது உண்மைதான். ஆனால் பாடகர் மைக்கின் முன்னால் கட்டுண்டு நிற்கிறார், அடவு சுருங்கிவிட்டது. ஒலிபெருக்கியை அதிர வைக்கும் அளவுக்குக் கூட்டிவிட்டால் விருத்தத்தின் நெளிவுகள் எல்லாம் இரைச்சலில் கரைந்துவிடுகின்றன.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி வட்டாரங்களின் விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போது, துகிலுக்குப் பெண் வேஷம் கட்டப்போவது யார் என்று கேளுங்கள். ராஜ வேஷக்காரரின் பெயரோடு அவர் பெயரையும் நோட்டீஸில் அச்சிடுங்கள். ஒலிபெருக்கியைக் குறைத்து வையுங்கள். நள்ளிரவிலேயே முடிக்கச் சொல்லாமல், விடியும் வரை அவர் பாட இடம் கொடுங்கள்.