வெட்டிய காட்சிகளையும் பாருங்க

‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) படத்தைத் திரையரங்கில் பார்த்திருப்பீர்கள். 2019இல் வந்த அதன் புளூ-ரே வட்டில் ‘ஆல்டர்நேட் யுனிவர்ஸ் மோட்’ என்று ஒன்று இருக்கு. நீக்கிய காட்சிகள், பாதியில் நின்ற கோட்டோவியங்களாக, கதையின் நடுவிலேயே வருகின்றன. 117 நிமிடப் படம் இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

உண்மையைச் சொன்னால், இழுக்கத்தான் செய்யுது. மைல்ஸின் அறைத்தோழன் வரும் காட்சிகள் கலகலப்பானவை. ஆனால் கதை நகரவில்லை. ஏன் வெட்டினார்கள் என்பது யாரும் விளக்காமலேயே புரிகிறது.

கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னால், என் மூன்றாம் படிவ மாணவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். “நல்லாத்தானே இருக்கு டீச்சர்?” அவர்களுக்கு இதைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினேன். ஒரு மாணவி தன் முன்னுரையை முழுசா அடித்துவிட்டாள். நான் எடுக்கச் சொன்னது வேறு பத்தி!